கரிபடிந்த சுவர்



சில மாதங்களுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தின் மாரியம்மன் கோயில் பரிபாலன சபைக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்த தோட்டம் அது. பழைய தலைவர் வயது காரணமாக விலகிக்கொள்ள, "மாஸ்டர் படிச்சவரு, நாலு இடத்துல பேசுறவரு, அவரே தலைவரா இருக்கட்டும்" என்று ஒருவர் முன்மொழிந்தார். இருவர் கைதட்டினார்கள். நானும் மறுப்புச் சொல்வது போல ஏதோ சொல்லிக்கொண்டு, உள்ளூர மகிழ்ந்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அப்பொழுது பின்வரிசையில் பாயில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி, கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், என் தாயாரோடு ஒரே மலையில் வேலை செய்தவர், மெதுவாகக் கேட்டார்: "தம்பி, நம்ம லயத்துப் பக்கம் வந்து எத்தன வருசமாச்சு?"

சபையில் சிலர் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கூறிவிட்டுப் பதுளைக்குத் திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும்பொழுது எனக்கு நினைவு வந்தது திருக்குறளும் அன்று, பெரியபுராணமும் அன்று. எங்கோ தொலைவில் உள்ள யூத மக்களின் தல்மூத் என்னும் பெருநூலில் வரும் ஒரு கதை. அதனையே இன்றைய உரையின் பொருளாக எடுத்துக்கொள்கிறேன்.

யூதருக்கும் நமது மலைநாட்டுக்கும் என்ன தொடர்பு என்று நேயர்கள் வினவலாம். புசல்லாவையில் றொத்சைல்ட் என்றொரு தோட்டம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். ஐரோப்பாவின் புகழ்பெற்ற யூத வங்கிக் குடும்பத்தின் பெயர் அது. அக்குடும்பத்தின் மகள் வழிப் பேரர்களான வோர்ம்ஸ் சகோதரர்கள், 1841ஆம் ஆண்டளவில் சீனத்துத் தேயிலையை அங்கே நட்டுப் பார்த்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைப் பெருமளவில் பயிரிட்ட 1867ஆம் ஆண்டுக்கு இது கால் நூற்றாண்டு முந்தியது. ஆனால் நான் சொல்லவந்தது துரைமாரைப் பற்றியதன்று. மதத்தின் பெயரால் ஒருவர் மக்களுக்கு முன்னால் நிற்பதற்கு எது தகுதி என்று அந்த மக்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்களுக்குள்ளே வாதாடி வந்திருக்கிறார்களே, அதைப் பற்றியது.

கி.பி. 70ஆம் ஆண்டில் உரோமர்கள் ஜெருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அதுவரை பலியிடுதலும் பூசையும் பிறப்பினால் உரிமை பெற்ற குருமாரின் கையில் இருந்தன. ஆலயம் போனதும் அவர்களுடைய பணியும் போயிற்று. அந்த இடத்துக்கு வந்தவர்கள் ஆசிரியர்கள். ரபி என்ற சொல்லுக்கு 'என் ஆசான்' என்பதுதான் பொருள். நம்முடைய தமிழாசிரியர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் சற்று நிமிர்ந்து உட்காரலாம். ஆனால் அதிகம் நிமிர வேண்டாம். ஏனென்றால் அந்த ஆசான்கள் வேதம் ஓதியே வயிறு வளர்த்தவர்கள் அல்லர். ஒருவர் செருப்புத் தைத்தார். ஒருவர் இரும்படித்தார். பிற்காலத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மாமேதை மைமோனிடிஸ் மருத்துவத் தொழில் செய்தார். மறைக்கல்வியை வைத்துப் பிழைப்பு நடத்துவதைக் கடுமையாகக் கண்டித்தும் எழுதினார்.

இனி அந்தக் கதை. ஆலயம் அழிந்த பின்னர் யாவ்னே என்னும் ஊரில் கல்விச் சபை ஒன்று இயங்கியது. அதன் தலைவர் கமாலியேல். பெருங்குடியில் பிறந்தவர், பெரிய அறிஞர், தமது மக்கள் சிதறிப்போகாமல் ஒன்றாக நிற்கவேண்டும் என்ற கவலை மிக்கவர். அந்தக் கவலையே அவரைக் கண்டிப்பானவராகவும் ஆக்கிற்று. சபை வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தியிருந்தார். உள்ளும் புறமும் ஒத்திராத மாணவன் உள்ளே வரக்கூடாது என்பது கட்டளை. உள்ளத்தைக் காவலாளி எப்படிக் கண்டுபிடித்தார் என்று கதை சொல்லவில்லை.

ஒருநாள், இரவுத் தொழுகை கட்டாயமா, விருப்பத்துக்கு உரியதா என்றொரு வினா எழுந்தது. கட்டாயம் என்றார் கமாலியேல். விருப்பம் என்று யோசுவா என்ற அறிஞர் முன்னரே ஒரு மாணவனிடம் சொல்லியிருந்தார். அது தலைவரின் காதுக்கு எட்டிவிட்டது. நிறைந்த சபையில் யோசுவாவை எழுப்பி நிறுத்தினார். தாம் அமர்ந்தபடியே பாடம் நடத்திக்கொண்டு போனார். யோசுவா நின்றுகொண்டே இருந்தார். இதற்கு முன்னரும் அவரை இப்படி அவமதித்ததுண்டு. நேரம் செல்லச் செல்லச் சபை முணுமுணுத்தது. பிறகு இரைந்தது. பாடத்தை எடுத்துச் சொல்பவரை நிறுத்தச் சொன்னது. அன்றைக்கே தலைவரைப் பதவியிலிருந்து இறக்கியது.

நேயர்களே, அவர் மார்க்கத்தில் பிழை செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. தொழுகை பற்றிய அவருடைய கருத்துத் தவறு என்பதும் குற்றச்சாட்டு அன்று. ஒரு மனிதனைச் சபை நடுவே நிற்கவைத்தார் என்பதே குற்றம்.

அடுத்த தலைவராக எலெயாசார் என்ற இளைஞரைத் தேர்ந்தார்கள். அவர் உடனே சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். அந்த அம்மையாரோ, இன்றைக்கு ஏற்றியவர்கள் நாளைக்கு உங்களையும் இறக்கமாட்டார்களா என்று கேட்டார். நமது தோட்டங்களில் சங்கத் தேர்தலுக்கும் கோயில் சபைத் தேர்தலுக்கும் நிற்கிற கனவான்கள் இந்த வழக்கத்தை மேற்கொண்டால் பாதிப் பிரச்சினை குறையும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது கிடக்கட்டும். புதிய தலைவர் வந்த அன்றே வாசற் காவலாளி அகற்றப்பட்டார். உள்ளே நுழைந்த கூட்டத்துக்கு இடம் போதாமல் நானூறு இருக்கைகள் கூடுதலாகப் போட்டார்கள் என்கிறது ஒரு கூற்று. எழுநூறு என்கிறது மற்றொன்று. அதைக் கண்ட கமாலியேல் மனங்கலங்கினார். இத்தனை பேரை நான்தானா வெளியே நிறுத்தி வைத்திருந்தேன் என்று எண்ணினார். இருந்தும், பதவி போன பின்பும் அவர் சபைக்கு வருவதை நிறுத்தவில்லை. சாதாரண உறுப்பினராக அமர்ந்து வாதத்தில் கலந்துகொண்டார். அவருடைய பெருமையை நான் காண்பது இங்கேதான்.

பின்னர் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போனார். உள்ளே நுழைந்ததும் சுவரெல்லாம் கரி படிந்திருப்பதைக் கண்டார். நீர் கரித்தொழில் செய்பவரா, சுவரைப் பார்த்தால் தெரிகிறதே என்று வியந்தார். இத்தனை ஆண்டு ஒரே சபையில் இருந்தும் அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை! அதற்கு யோசுவா சொன்ன மறுமொழியின் கருத்து இது: உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறை இரங்கத்தக்கது, கற்றவர்கள் என்ன பாடுபட்டு வயிறு கழுவுகிறார்கள் என்பதே உமக்குத் தெரியாது.

பெரிய தலைவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். முதலில் யோசுவா முகங்கொடுக்கவில்லை. பிறகு சமாதானமானார்கள். சமாதானச் செய்தியைச் சபைக்குக் கொண்டுபோக ஆள் தேடியபொழுது, நான் போகிறேன் என்று முன்வந்தவர் ஒரு சலவைத் தொழிலாளி. கதை சொன்னவர்கள் அவருடைய தொழிலை மறக்காமல் குறித்து வைத்திருக்கிறார்கள். முடிவில் கமாலியேலுக்கு மீண்டும் தலைமை கிடைத்தது; ஆனால் முழுவதுமாக அன்று. புதியவரையும் விலக்காமல், முறை வைத்து இருவரும் பாடம் நடத்த ஏற்பாடாயிற்று.

கரிபடிந்த சுவர் என்றதும் நம்மவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. லயத்துக் காம்பராவில் விறகடுப்புப் புகை ஏறிய சுவரை வெள்ளையடித்து வெள்ளையடித்துப் பார்த்தும் அது மறுபடி கறுத்துப்போவதை நாம் பார்த்தவர்கள். அந்தச் சுவரை மறந்துவிட்டுத்தான் நான் சபைத் தலைவர் பதவியை எண்ணி உள்ளூர மகிழ்ந்தேன்.

நமது தோட்டத்துக் கோயில்களின் தலைமை எப்படி இருந்தது என்று சற்று நினைத்துப் பார்க்கலாம். என் சிறுவயதில் எங்கள் அம்மனுக்குப் பூசை செய்தவர் ஒரு பண்டாரம். ஆகமம் கற்றவர் அல்லர். விடியற்காலையில் பூக்கட்டி விளக்கேற்றிவிட்டுப் பிரட்டுக்குப் போய் நிற்பார். மற்றவர்களைப் போல அவருக்கும் செக்றோலில் பேர் உண்டு. கவ்வாத்து வெட்டி, உரம் போட்டு, மழையில் நனைந்துவிட்டு மாலையில் மறுபடி மணியடிப்பார். யார் வீட்டில் காய்ச்சல், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். திருநீறு கொண்டுபோகும் சாக்கில் அரிசியும் கொண்டுபோவார். பின்னர் கோயில்கள் கோபுரம் பெற்றன. கும்பாபிஷேகம் கண்டன. முறைப்படி பயின்ற குருக்கள்மார் வந்தார்கள். அதனை நான் குறைகூறவில்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் கோயில் ஒழுங்குக்காகப் போராடியதைப் படிப்பிக்கிறவன் நான். ஆயினும் யூதரிடையே குருமாரின் இடத்துக்குத் தொழில் செய்யும் ஆசான்கள் வந்தார்கள். நம்மிடமோ தொழில் செய்த பண்டாரம் ஒதுங்கி மற்றவர் வந்தனர். இந்த மாற்றத்தில் நாம் பெற்றதை எண்ணிப் பார்த்த அளவுக்கு இழந்ததை எண்ணவில்லை.

பண்டாரத்துக்கு மேலே அந்நாளில் இன்னொரு தலைமையும் இருந்தது. திருவிழாவில் முதல் மாலை தோட்டத்துத் துரைக்கு; அடுத்த மரியாதை பெரிய கங்காணிக்கு. வேற்று மதத்தவரான துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சங்கடத்தோடு நின்று மாலையை வாங்கிக்கொள்வார். சம்பளத்தில் கோயில் காசு கொடுத்தவர்கள் கைகூப்பிக்கொண்டு பின்னே நிற்பார்கள். இடையறாது தப்படித்த மனிதனோ எல்லாருக்கும் வெளியே நிற்பான்.

அந்த வெளியே நிற்றல் என்பதைச் சொல்லும்பொழுது, கொச்சி நகரத்து ஆபிரகாம் பாரக் சேலம் என்பவரைப் பற்றிச் சொல்லாமல் அப்பால் போக முடியாது. கொச்சியிலும் கொடுங்கல்லூரிலும் யூதர்கள் வாழ்ந்த வரலாறு நெடியது. கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்குச் செப்பேட்டில் உரிமைகள் வழங்கினான். அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. தமிழ் மாணவர்கள் பார்க்க வேண்டிய ஏடு. இந்தக் கொச்சி யூதரிடையே முறையாகப் பட்டம் பெற்ற ரபிமார் இருந்ததில்லை. மன்னர் ஒப்புதலோடு சமூகத்தை நடத்திய தலைவருக்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? முதலியார்! நமது சொல். பெரியோரும் ஓதுபவரும் சேர்ந்தே தொழுகையை நடத்தினார்கள். அங்கே நெகேமியா மோத்தா என்ற பக்திமான் 1615 அளவில் மறைந்தார். மட்டாஞ்சேரியில் உள்ள அவருடைய சமாதியில் யூதர் மட்டுமன்றி இந்துக்களும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் வேண்டுதல் செய்துவந்தார்கள். நமது கதிர்காமத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் 1568இல் கட்டப்பட்ட கொச்சிப் பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் ஒரு பிரிவினர் இருக்கையில் அமர முடியாது. அவர்கள் விடுதலை பெற்ற அடிமைகளின் வழித்தோன்றல்கள் எனப்பட்டார்கள். பின்னே தரையில் அமரவேண்டும். மறைநூலை வாசிக்க அவர்களை அழைப்பதில்லை. எகிப்தில் நாங்கள் அடிமைகளாக இருந்தோம், இறைவன் எங்களை மீட்டான் என்று ஆண்டுதோறும் பெருநாள் கொண்டாடும் மக்கள், தங்களிடையே மீட்கப்பட்ட அடிமையின் பேரனைத் தரையில் இருத்தினார்கள். 1882இல் பிறந்த சேலம் அப்படித் தரையில் இருத்தப்பட்டவர்களில் ஒருவர். சட்டம் படித்தார், கொச்சிச் சட்டசபையில் உறுப்பினரானார், 1929இல் லாகூர்க் காங்கிரஸ் மாநாட்டுக்கும் போய்வந்தார். ஊருக்கெல்லாம் உரிமை பேசும் வழக்கறிஞருக்குத் தம் சொந்தத் தொழுகைக்கூடத்தில் ஓர் இருக்கை இல்லை. காந்தியடிகளின் வழியில் அங்கேயே சத்தியாக்கிரகம் செய்தார். பிரிந்துபோய்ப் புதிதாய் ஒரு கூடம் கட்டிக்கொள்ளவில்லை. 1940கள் அளவில் தடைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் இருக்கையுடைய வகுப்பில் ஒரு பெண்ணை மணந்தபொழுதும் திருமணம் கொச்சியில் நடக்கவில்லை. பம்பாய்க்குப் போய்த்தான் நடத்தினார்கள். தளர்ந்தது சட்டம், மனம் தளர இன்னும் நாள் சென்றது.

இஸ்ரேல் நாடு அமைந்த பின்னர், கொச்சி யூதர்கள் அங்கே குடியேறுவதற்கு முன்னின்று உழைத்தவர்களில் சேலமும் ஒருவர். மற்றவர்களைக் கப்பலேற்றிவிட்டு அவர் கொச்சியிலேயே தங்கினார். 1967இல் அங்கேயே காலமானார். அந்த வீதியில் யூதர்களின் எண்ணிக்கை பின்னர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்துபோயிற்று.

அவருக்குச் சமயப் பட்டம் எதுவும் இல்லை. இருந்தும் அந்தக் கூடத்தில் மார்க்கம் அறிந்து நடந்தவர் இருக்கையில் இருந்தவரா, தரையில் இருந்தவரா? அவர் மறைந்த மறு ஆண்டு, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நம்மவர்கள் சிலர் உள்ளே போகவேண்டும் என்று நின்றார்கள், நம்மவர்களே மறித்தார்கள். அந்த வாசலையும் இதனோடு சேர்த்து நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு யூதரைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். லியோ பேக் என்பவர் பெர்லின் நகரத்து ரபி. ஹிட்லர் ஆட்சியில் வெளிநாடு போய்த் தப்ப அவருக்கு வழியிருந்தது. தம் மக்கள் இருக்கும்வரை தாமும் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். 1943 ஜனவரியில், எழுபதை நெருங்கும் வயதில், தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே பகலில் குப்பை வண்டி இழுத்தார். இரவில் கைதிகளுக்குத் தத்துவம் பற்றி உரையாற்றினார். நம்முடைய அப்பர் சுவாமிகளின் கையிலிருந்த உழவாரம் எனக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. முகாமிலிருந்து கிழக்கே அனுப்பப்படுவோர் கொல்லப்படுகிறார்கள் என்ற செய்தி அவருக்கு எட்டியது. அதை மற்றவர்களிடம் சொல்லாமல் மறைத்தார். சாவை எதிர்நோக்கி வாழ்வது சாவிலும் கொடிது என்று நினைத்தார். உயிர் தப்பி 1956இல் லண்டனில் மறைந்த பின்பும் இதற்காக அவரை விமர்சிப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிந்திருந்தால் சிலராவது தப்ப முயன்றிருப்பார்களே என்பது அவர்களின் கேள்வி. தன் மக்களோடு இருந்தவரை ஒரு சொல்லால் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மக்களுக்கு உண்மையைத் தாங்கும் வலிமை இல்லை என்று தலைவர்கள் முடிவு செய்வதை ஏற்கவும் மனம் வரவில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மாணவர்களோடு உடுபுடவைகளும் உணவும் சேர்த்துக்கொண்டு, மக்களைத் தங்கவைத்திருந்த பாடசாலைக்கு நானும் போயிருந்தேன். பல மதப் பெரியார்கள் வந்தார்கள், ஆறுதல் மொழிந்தார்கள், வாகனங்களில் திரும்பினார்கள். அவர்களையும் நான் பழிக்கவில்லை, வந்தார்களே. ஒரு பக்கத்தில் ஓர் இளம் பௌத்த பிக்கு சீவரத்தை வரிந்து கட்டிக்கொண்டு வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். தமிழ் அவருக்கு நாலைந்து சொற்களே தெரியும். அவரை யாரும் படம் பிடிக்கவில்லை. நானும் பெயர் கேட்கவில்லை.

யூதரின் மறைநூலில் மோசே என்ற பெருந்தலைவர் வருகிறார். ஆடு மேய்த்தவர், நாவு திக்குபவர், பெரும் பொறுப்பு வந்தபொழுது என்னால் ஆகாது, வேறு யாரையாவது அனுப்பும் என்று இறைவனிடமே வாதாடியவர். காலை முதல் மாலை வரை தனியே இருந்து வழக்குத் தீர்க்கிறாயே, நீயும் களைத்துப்போவாய், மக்களும் களைத்துப்போவார்கள், பொறுப்பைப் பகிர்ந்து கொடு என்று புத்தி சொன்னவர் அவருடைய மாமனார். அவரோ வேறொரு மக்களின் குரு. மோசே கேட்டுக்கொண்டார். கடைசியில் அவர் இறந்த பின் புதைத்த இடம் யாருக்கும் தெரியாமல் போயிற்று என்கிறது அந்நூல். அவருக்கு ஒரு சமாதி கட்டக்கூட வழியில்லை.

அந்தப் பாட்டியின் கேள்விக்கு வருகிறேன். இரண்டு கிழமை கழித்து, கூட்டம் எதுவும் இல்லாத ஒரு நாளில், தனியே அந்த லயத்துக்குப் போனேன். படியேறும்பொழுது மூச்சு வாங்கியது. வாசலில் அமர்ந்திருந்தவர் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்று ஒரு பலகையை நகர்த்திப் போட்டார். காம்பராவின் உட்சுவர் நான் சிறுவனாய் இருந்தபோது கண்ட அதே நிறம். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. பிளேன்ரீயும் ஒரு துண்டுச் சக்கரையும் கொடுத்தார். கோயிலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தமது சேமலாப நிதிக் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது, ஏழு மாதமாகத் தகரப் பெட்டியில் கிடக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி எடுத்துக் கொடுத்தார். பதில் எழுதுவதற்குக் கடைசித் திகதி தாண்டியிருந்தது. அங்கேயே அமர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதற்குள் பக்கத்துக் காம்பராவிலிருந்து இன்னும் இருவர் கடிதங்களோடு வந்து நின்றார்கள்.

சபைக் கூட்டம் அடுத்த பௌர்ணமிக்கு வைத்திருக்கிறார்கள். தலைவர் யார் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை.